ஏரி ஈன்ற ஊர்

சிதம்பரத்திலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் சென்றால் காட்டுமன்னார்கோயிலை அடையலாம். ஆட்சி முறையில் அது ஒரு பேரூராட்சி. வாழ்க்கை முறையில் அது ஓர் உழவூர். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950ஆம் ஆண்டு தொடராக வெளிவரத் தொடங்கியபோது, அதன் முதற்காட்சி ஆடிப்பெருக்கு நாளில் இப்பகுதியின் ஏரிக்கரையிலேயே விரிந்தது. ஆகவே, ஊரைக் கண்டிராதவரும் வீராணம் ஏரியை அறிவர். ஆனால், அந்த ஏரியைக் காத்தவர் யார்? அதன் நீரில் உழைத்தவர் யார்? அவர்களுள் எவரெவர் 'ஊரார்' என எண்ணப்பட்டனர்? இவ்வினாக்களுக்குப் புதினத்தில் விடை தேட இயலாது. இவ்வூரின் வரலாற்றில்தான் தேட வேண்டும்.

வீராணம் என்பது 'வீரநாராயணன்' என்ற பெயரின் மருவு. கி.பி. 907 முதல் 955 வரை ஆண்ட முதலாம் பராந்தக சோழனின் விருதுப் பெயர் அது. அவனுடைய மைந்தன் இராசாதித்தன் வடவெல்லையைக் காக்கப் படையுடன் திருமுனைப்பாடி நாட்டில் தங்கியிருந்தான். போரில்லாக் காலத்தில் அவன் தன் வீரர்களைக் கொண்டே இவ்வேரியை வெட்டுவித்து, அதற்குத் தந்தையின் பெயரைச் சூட்டினான் என்பது வழிவழிச் செய்தி. 949ஆம் ஆண்டு தக்கோலப் போரில் யானை மீது அமர்ந்தவாறே அவன் உயிர் நீத்தான். அவன் காத்த எல்லை காலப்போக்கில் மறைந்தது. அவன் பெயரோடு இணைத்துப் பேசப்படும் ஏரியோ இன்றும் ஏறத்தாழ 45,000 ஏக்கர் நிலத்துக்கு நீர் தருகிறது. வாள் செய்ததைவிட மண்வெட்டி செய்ததே நிலைத்தது எனலாம்.

இந்த ஏரிக்கு நீர் வந்து சேரும் வழி சிந்திக்கத்தக்கது. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையிலிருந்து புறப்படும் காவிரி நீர், கொள்ளிடம் வழியே அணைக்கரைக்கு வருகிறது. அங்கே 1836ஆம் ஆண்டு ஆர்தர் காட்டன் காலத்தில் கீழணை எழுந்தது. அதிலிருந்து பிரியும் வடவாறு அந்நீரை வீராணத்துக்குக் கொண்டு சேர்க்கிறது. ஏரி நிரம்பி மிகும் நீர் சேத்தியாத்தோப்புப் பக்கமாக வெள்ளாற்றில் கலக்கிறது. மேலுள்ளவர் விட்டால்தான் கீழுள்ளவருக்கு நீர். ஏரிக்குள்ளும் அதே நியதிதான். தலைமடைக்காரர் தம் வயல் நிறைந்ததும் மடையை அடைத்தால்தான் கடைமடைக்காரரின் நாற்று பிழைக்கும். கரை ஓரிடத்தில் உடைந்தால் அனைவரின் பயிரும் அழியும். வண்டல் படிந்தால் அனைவரின் பங்கும் குறையும். கிணற்றை ஒருவர் தனியே வைத்துக் காக்கலாம். ஏரியை அவ்வாறு காக்க இயலாது. எனவே, ஏரியே ஊரை ஈன்றது என்று சொல்வது மிகையன்று.

இக்கூட்டு வாழ்வுக்குச் சோழர் காலத்தில் ஒரு சட்ட வடிவமும் இருந்தது. அக்காலத்தில் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் என வழங்கிய இவ்வூரைச் சபையார் நிருவகித்தனர். இதே பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் அத்தகைய சபைகளின் நடைமுறையை நமக்கு விளக்குகின்றன. ஏரியைப் பேணுவதற்கென்றே ஏரி வாரியம் என்றொரு குழு இருந்தது. அதன் உறுப்பினர்கள் குடவோலை முறையில் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். கணக்குக் காட்டத் தவறியவர் மறுமுறை பொறுப்பேற்க இயலாது. இன்றைய பொதுவாழ்வுக்கும் பாடமாகத் தகுந்த ஏற்பாடு இது.

ஆயினும் அதே கல்வெட்டுகள் வேறொன்றையும் சொல்கின்றன. குடத்தில் பெயர் இடப்பட வேண்டுமானால் ஒருவருக்கு வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், மறைக்கல்வியும் வேண்டும். சேற்றில் இறங்கி ஏரியைத் தூர்வாரியவர், இரவில் மடை காத்தவர், நாற்று நட்டவர் ஆகியோரின் பெயர்கள் அக்குடத்தில் விழுந்திருக்க வழியில்லை. தமிழகத்தின் பல ஏரியூர்களில் மடையைத் திறந்து வயலுக்கு வயல் நீர் பாய்ச்சும் பணி, தலைமுறை தலைமுறையாக ஒடுக்கப்பட்ட மக்களிடமே இருந்து வந்தது. எல்லாருடைய நிலத்துக்கும் நீர் பங்கிட்டவருக்கு நிலத்தில் பங்கில்லை.

அவ்வூரின் புகழை நாம் குறைத்துக் கூற வேண்டியதில்லை. நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகள் பிறந்த ஊர் இது. அவருடைய பேரர் ஆளவந்தாரும் இங்கே பிறந்தவரே. இவ்வூரின் ஒரு பகுதியான உடையார்குடியின் அனந்தீசுவரர் கோயிலில் முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. அவன் தமையன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் உடைமைகளைப் பற்றி அது இச்சபைக்கு ஆணையிடுகிறது. அரசனின் ஆணை வந்து சேரும் அளவுக்குச் சபை வலிமை பெற்றிருந்தது. அக்கல்விக்கும் அவ்வலிமைக்கும் சோறிட்டது ஏரிப் பாசனத்து நெல். அந்நெல்லை விளைவித்த கைகளைப் பற்றித்தான் கல்வெட்டுகள் மௌனம் காக்கின்றன.

அம்மௌனத்தைக் கலைத்தது ஒரு கதை. திருநாளைப்போவார் எனப்படும் நந்தனாரின் ஊரான ஆதனூர், காட்டுமன்னார்கோயிலுக்கு அருகிலுள்ள ஊரே என்பது மரபு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய வரலாற்றில் நந்தனார் தில்லைக்குச் செல்ல ஏங்கியவர். தீயில் மூழ்கிய பின்னரே திருக்கோயிலுள் புகுந்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருட்டிண பாரதியார் அதனைக் கீர்த்தனையாக்கியபோது, சேக்கிழார் கூறாத ஒரு பாத்திரத்தைச் சேர்த்தார். அவர் நிலக்கிழாரான வேதியர். நாற்பது வேலி நிலத்தின் பயிர்வேலையை முடித்துவிட்டுத் தில்லைக்குப் போ என்கிறார் அவர். பக்திக் கதைக்குள் பண்ணை வாழ்வு நுழைந்தது. ஒரு மனிதன் இறைவனை நாடிப் போவதற்கும் நிலமுடையவரின் இசைவு வேண்டியிருந்த நிலையைக் கேட்டவர் யாவரும் உணர்ந்தனர்.

இருபதாம் நூற்றாண்டில் நந்தனாரின் பெயர் பள்ளிக்கூடமாயிற்று. சுவாமி சகஜானந்தர் 1916ஆம் ஆண்டு சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் கல்விப் பணியைத் தொடங்கினார். வயல் வேலைக்கென்றே பிறந்தவராகக் கருதப்பட்ட சிறுவர்கள் அங்கே எழுத்தறிந்தனர். காட்டுமன்னார்கோயில் பகுதியில் பிறந்த எல். இளையபெருமாள் சுதந்திர இந்தியாவின் முதல் மக்களவையிலேயே உறுப்பினரானார். தீண்டாமையை ஆராய 1965இல் நடுவணரசு அமைத்த குழுவுக்கு அவரே தலைவர். 1969இல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை, பரம்பரை அர்ச்சகர் உரிமையை நீக்கும்படி பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டே தமிழக அரசு கொண்டுவந்த சட்டத் திருத்தத்துக்கு அது ஒரு காரணமாயிற்று. குடத்தில் பெயரிடப்படாதவரின் வழித்தோன்றல் நாட்டின் மனச்சான்றை நோக்கி வினா எழுப்பினார். ஏரி ஈன்ற ஊர் தன் எல்லையை விரித்துக்கொண்டது இவ்வாறுதான்.

இன்று அவ்வெல்லை மேலும் விரிந்துள்ளது. வீராணத்து நீரைச் சென்னைக்குக் கொண்டு செல்லும் எண்ணம் 1960களின் இறுதியிலேயே தோன்றியது. அத்திட்டம் அப்போது நிறைவேறாமல், பெருங்குழாய்கள் நெடுங்காலம் சாலையோரம் கிடந்தன. பின்னர் 2004ஆம் ஆண்டு புதிய வீராணம் திட்டம் நிறைவேறியது. நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் நீரை, 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள தலைநகருக்கு அனுப்புவது அதன் நோக்கம். நகரத்தின் தாகமும் மனிதத் தாகமே. அதனை மறுப்பது அறமாகாது. ஆனால், ஏரியின் முழுக் கொள்ளளவே 1,465 மில்லியன் கன அடிதான். காவிரி பொய்க்கும் ஆண்டில் குடிநீரும் பாசனமும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும்.

அத்தகைய ஆண்டில் பயிர் இழந்தவர் காப்பீடோ நிவாரணமோ கோர வழியுண்டு. நடவும் அறுப்பும் இன்றிக் கூலி இழந்தவருக்கு அந்த வழியுமில்லை. அவர் இழந்தது பயிரன்று, வேலை நாட்கள். பழைய குடவோலைக் குடத்தில் இடம்பெறாத அதே பெயர்கள், இன்றைய இழப்பீட்டுப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. பாசனத்தை நிறுத்தி ஏரி நீரைக் குடிநீருக்கு ஒதுக்கும் ஒவ்வொரு முறையும், நிலமற்ற உழைப்பாளரின் இழந்த நாட்களும் எண்ணப்பட வேண்டும். சென்னையில் குழாய் திறப்பவரும் இன்று இவ்வேரியின் ஆயக்கட்டுதாரரே. ஆகவே தூர்வாருவதிலும் கரை காப்பதிலும் அவருக்கும் கடமை உண்டு.

பத்தாம் நூற்றாண்டின் சபையார் ஏரியைக் காக்கும் முறையை அறிந்திருந்தனர். ஏரிக்குரியவர் யார் என்பதை மட்டும் குறுகலாக எண்ணினர். முன்னதைக் கற்றுக்கொண்டு பின்னதைத் திருத்துவதே அவர்களின் வரலாறு நமக்கு விட்டுச்சென்ற பணியாகும்.