பிரானேசியின் சிறைகள்

கட்டாத கட்டடங்களுக்காகவே ஒரு மனிதரை உலகம் நினைவில் வைத்திருக்கிறது என்றால், அது கொஞ்சம் விசித்திரமான புகழ்தான். ஜியோவன்னி பாட்டிஸ்டா பிரானேசி என்ற இத்தாலியருக்கு வாய்த்த புகழ் அப்படிப்பட்டது.

1720-ல் வெனிஸுக்கு அருகே ஒரு கல்தச்சரின் மகனாகப் பிறந்தவர் அவர். தாய்மாமன் வெனிஸின் நீர்ப்பணி இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். கல்லும் கட்டடமும் பிள்ளைப் பிராயத்திலிருந்தே அவருக்குப் பழக்கம். 1740-ல், வெனிஸ் தூதரின் பரிவாரத்தில் ஒரு சித்திரக்காரராக ரோமுக்கு வந்து சேர்ந்தார். பெரிய பெரிய மாளிகைகளைக் கட்ட வேண்டும் என்று ஆசை. ஆனால் 'கட்டிக் கொடு' என்று சொல்ல ஆள் வேண்டுமே! அது அமையவில்லை. ஆகவே எட்சிங் வேலையைக் கற்றுக்கொண்டு, ரோம் நகரக் காட்சிகளைச் சித்திரமாக்கி விற்றுப் பிழைத்தார்.

எட்சிங் என்பது எப்படி என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். செப்புத் தகட்டின்மேல் மெழுகு பூசி, அதில் ஊசியால் கீறுவார்கள். பிறகு தகட்டைத் திராவகத்தில் இடுவார்கள். மெழுகு நீங்கிய கோடுகளை மட்டும் திராவகம் அரித்துப் பள்ளமாக்கும். அந்தப் பள்ளங்களில் மையை நிரப்பி, காகிதத்தை வைத்து அழுத்தினால் சித்திரம் தலைமாறிப் பதியும். எந்தக் கோட்டை எவ்வளவு நேரம் அரிக்கவிடுவது என்பதில்தான் வித்தை இருக்கிறது. சற்று நேரம் அரித்த கோடு மங்கல்; நெடுநேரம் அரித்த கோடு கன்னங்கறுப்பு.

இந்த வித்தையைக் கொண்டு, 1750-ஐ ஒட்டி, அவர் 14 சித்திரங்கள் அடங்கிய ஒரு தொகுதியைச் செய்தார். எல்லாம் கற்பனைச் சிறைகள். வானளாவிய வளைவுகள், எங்கேயோ ஏறி எங்கேயோ முடியும் படிக்கட்டுகள், அந்தரத்தில் தொங்கும் பாலங்கள், கயிறுகள், கப்பிகள். நடுவில் எறும்பு போல மனிதர்கள். கைதி யார், காவலன் யார் என்றுகூட நிச்சயமாகச் சொல்ல முடியாது.

அதோடு விட்டாரா? 1761-ல் பழைய தகடுகளையே மறுபடி எடுத்து, இன்னும் ஆழமாக அரித்து, இருளைக் கூட்டினார். சங்கிலிகளையும் யந்திரங்களையும் சேர்த்தார். புதிதாக இரண்டு சித்திரங்களும் போட்டு 16 ஆக்கினார். முதல் பதிப்பில் காற்றும் வெளிச்சமும் இருந்த இடங்களில் இப்போது மேலும் மேலும் படிக்கட்டுகள் முளைத்தன. இன்று உலகம் அறிந்த சிறைகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் பதிப்புச் சிறைகளே.

இந்தச் சித்திரங்களைத் தூரிகையால் பார்த்து வரைந்து விற்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட பிரதி ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். கறுப்புக்குப் பதில் பழுப்பு வண்ணம். ஒரு ஜன்னலுக்கு அப்பால் சிறிது நீலம். 'யந்திரம் நொடியில் அச்சுப் பிசகாமல் பிரதி எடுத்துத் தருகிற காலத்தில் இது என்ன வீண் வேலை?' என்று கேட்கத் தோன்றும். நகல் என்றால் மட்டம் என்று நமக்கு ஓர் எண்ணம் ஊறிப்போயிருக்கிறது.

ஆனால் இங்கே அசல் எது? முதல் பதிப்பா, இரண்டாம் பதிப்பா? 1778-ல் பிரானேசி காலமான பிறகு, அவருடைய பிள்ளைகள் தகடுகளைப் பாரிஸுக்குக் கொண்டுபோய் அங்கேயும் அச்சிட்டார்கள். 1839-ல் அவை போப்பரசரின் அச்சகத்துக்காக வாங்கப்பட்டு ரோமுக்கே திரும்பின. இன்றும் அங்கே அரசாங்கத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. செம்பு மெத்தென்ற உலோகம். அச்சிட அச்சிடத் தேயும். பிரானேசியின் சொந்தத் தகட்டிலிருந்தே எடுத்த பிற்காலத் தாள், அவர் கண்ட இருளைக் காட்டாமல் போவதும் உண்டு.

இன்னொரு வேடிக்கை. இந்தச் சிறைகளின் புகழை இங்கிலாந்தில் பரப்பியவர்களில் முக்கியமானவர் டி குயின்சி. 1821-ல் தமது அபினி அனுபவங்களை எழுதியபோது, முடிவில்லாத படிகளில் பிரானேசியே ஏறிக்கொண்டிருப்பதாக வர்ணித்தார். சித்திரங்களை அவர் கண்ணால் பார்த்ததில்லை. கோல்ரிட்ஜ் வாயால் சொல்லக் கேட்டதுதான். அவர் எழுதியபடி அப்படியே ஒரு சித்திரம் அந்தத் தொகுதியில் கிடையாது. இருந்தாலும் அந்த வார்த்தைப் பிரதி பலருடைய மனத்தில் அசலைவிட ஆழமாகப் பதிந்துவிட்டது.

கையால் பிரதி செய்கிறவனுக்கு ஒரு சோதனை காத்திருக்கிறது. 14-வது சித்திரத்தில் படிக்கட்டும் தூண்களும் சேரும் இடத்தைக் கவனியுங்கள். ஒரே வரிசையில் நிற்பவை போலத் தோன்றும் தூண்களுக்கு நடுவே, படிக்கட்டுக்கு இடமே இருக்க முடியாது. பார்க்கிறவன் கண் இதைத் தாண்டிப் போய்விடும். யந்திரத்துக்கும் இது ஒரு பொருட்டல்ல. ஒவ்வொரு கோடாகத் தூரிகையை நகர்த்துகிறவன் மட்டுமே அங்கே திடுக்கிட்டு நிற்பான். 'இது தப்பு, திருத்திவிடலாம்' என்று கை பரபரக்கும். திருத்தினால் நல்ல கட்டடம் கிடைக்கும், பிரானேசி போய்விடுவார். புரியாவிட்டாலும் அந்தக் கோட்டை நம்பிப் பின்தொடர்ந்தால்தான் சிறை சிறையாக இருக்கும். நான் பார்த்த பிரதியைச் செய்தவர் திருத்தவில்லை. அந்த நீலத்தைக்கூட நான் அதற்காக மன்னித்துவிட்டேன்.

பிரானேசி தம் பெயரோடு 'வெனிஸ் நகரத்துக் கட்டடக் கலைஞர்' என்றே போட்டுக்கொண்டார். ஏறக்குறைய ஆயிரம் தகடுகள் செய்தும் அந்தப் பட்டத்தை விடவில்லை. ஆனால் அவர் கல்லால் கட்டியது என்று சொல்ல, 1764-லிருந்து 1766 வரை ரோமின் அவன்டைன் குன்றில் அவர் புதுப்பித்துக் கட்டிய சிறிய தேவாலயம் ஒன்றுதான் உண்டு. அவர் சமாதியும் அங்கேதான் இருக்கிறது.

மற்றதெல்லாம் காகிதத்தில் நிற்கின்றன. கல்லில் கட்டியிருந்தால் நூறு கொத்தர்கள் அந்தப் படிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்திருப்பார்கள். அந்தப் பாக்கியம் அவருக்குக் கிடைக்கவில்லை. இன்று யாரோ ஒருவர் தூரிகையும் கையுமாக உட்கார்ந்து, அதே படிகளை ஒவ்வொன்றாக மறுபடி வைக்கிறார். கல்தச்சர் மகனுக்கு இது பிடித்திருக்கும் என்றே நினைக்கிறேன்.