உயர்த்திய ஜீப்பில் புரொபெல்லர் ஷாஃப்ட் கோணத் திருத்தம்

நான்கு சக்கர இயக்க வண்டியின் சஸ்பென்ஷனை உயர்த்திய பிறகு, டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் அச்சுக்கும் நடுவே ஓடும் புரொபெல்லர் ஷாஃப்டின் சரிவையும், அதன் இரு முனைகளில் உள்ள யுனிவர்சல் ஜாயின்டுகளின் கோணத்தையும் மறுபடி ஒழுங்குக்குக் கொண்டுவரும் வேலையே கோணத் திருத்தம். பட்டறைகளில் இந்த ஜாயின்டுக்கு 'கிராஸ்' என்று பெயர். வண்டியைத் தூக்குவதைவிட, தூக்கியதால் கிளம்பும் அதிர்வை அடக்குவதற்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும்.

விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் கடற்கரை இந்தச் சிக்கலை விளக்க வாகான இடம். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து இறங்கினால் உப்புப் பாத்திகளின் வரப்புகள், பக்கிங்காம் கால்வாய்க் கரை, கழுவெளியின் களிமண், அப்பால் மணல். வரப்பைக் கடக்கும்போது நீள வண்டியின் வயிறு தட்டும். இரு அச்சுகளும் நெருங்கியிருக்கும் குட்டை வண்டி தட்டாமல் ஏறி இறங்கிவிடும். ஆனால் அச்சுகள் நெருங்கினால் ஷாஃப்டும் குட்டையாகிவிடுகிறது. குட்டை ஷாஃப்டுக்குச் சிறு உயர்வும் பெரிய கோணம்.

கணக்கு எளிது. ஒரு மீட்டர் நீள ஷாஃப்டின் ஒரு முனை 50 மி.மீ. உயர்ந்தால் சரிவு ஏறக்குறைய 3 டிகிரி கூடும். அரை மீட்டர் ஷாஃப்டில் அதே உயர்வு 5 முதல் 6 டிகிரி வரை கூட்டிவிடும். ஏற்கெனவே 10 டிகிரியில் நிற்கும் ஷாஃப்ட் 15ஐத் தாண்டும்.

மாருதி ஜிப்ஸியும் பழைய மஹிந்திரா ஜீப்புகளும் இந்தியாவில் இந்தக் கணக்குக்குள் வரும் வண்டிகள். வில்லிஸ் வழிவந்த மஹிந்திரா சிஜே3பி-யின் வீல்பேஸ் 80 அங்குலம், அதாவது 2,032 மி.மீ. 1985இல் வந்த ஜிப்ஸி, சுஸுகி எஸ்ஜே410-இன் நீள வடிவம். அப்படியும் 2,375 மி.மீ.தான். அமெரிக்காவில் 1997 முதல் 2006 வரை விற்ற ஜீப் ராங்ளர் டிஜே கிட்டத்தட்ட இதே அளவு, 2,372 மி.மீ. அதைச் சில அங்குலம் உயர்த்தியதுமே பின் ஷாஃப்ட் அதிரும் என்பது அங்கே ஊரறிந்த விஷயம். டிரான்ஸ்ஃபர் கேஸின் வால்பகுதியைக் குறுக்கி, கிடைத்த இடத்தில் நீளமான ஷாஃப்டைப் பொருத்தும் தனி உபகரணத் தொகுப்பே சந்தைக்கு வந்துவிட்டது.

அதிர்வின் வேர் கிராஸின் இயல்பிலேயே இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் கார்டானோ, 17ஆம் நூற்றாண்டின் ராபர்ட் ஹூக் இருவர் பெயரையும் தாங்கிய இந்த இணைப்பு, வளைந்த நிலையில் சீராகச் சுற்றாது. உள்ளே வரும் வேகம் ஒரே சீராக இருந்தாலும், வெளியே போவது ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை கூடி இருமுறை குறையும். 10 டிகிரியில் இந்த ஏற்ற இறக்கம் சுமார் 1.5 சதவீதம், 20 டிகிரியில் 6 சதவீதம். கோணம் இரட்டித்தால் கேடு நான்கு மடங்கு. உயரப் பிரியர்கள் பலர் கணக்கில் எடுக்காதது இதைத்தான்.

இதற்கு மருந்து இரண்டாவது கிராஸ். இரு முனைக் கோணங்களும் சமமாக, டிரான்ஸ்ஃபர் கேஸின் வெளித்தண்டும் அச்சின் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக நின்றால், ஒரு முனையின் குளறுபடியை மறு முனை ஈடுகட்டிவிடும். ஒரு நிபந்தனை: ஷாஃப்டின் இரு யோக்குகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். ஸ்ப்லைனைப் பிரித்து மறுபடி கோர்க்கும்போது ஒரு பல் தள்ளிப்போனாலும் அதிர்வு வரும். ஆகவே கழற்றுமுன் இரு பாகங்களிலும் பஞ்சால் ஒரு புள்ளி அடித்துக்கொள்வது கைதேர்ந்த மெக்கானிக்கின் வழக்கம்.

அளப்பதற்கு வண்டி சமதரையில், தன் எடையில் நிற்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும் அச்சின் கோணம் பொய் சொல்லும். கொத்தனாரின் ரசமட்டம் மட்டம் சொல்லும், டிகிரி சொல்லாது. காந்த அடியுள்ள கோணமானியை வெளித்தண்டு யோக், ஷாஃப்ட் குழாய், பினியன் யோக் என மூன்று இடத்தில் வைத்துப் பார்ப்பார்கள். முதல் இரண்டின் வித்தியாசம் மேல் ஜாயின்ட் கோணம். பின் இரண்டின் வித்தியாசம் கீழ் ஜாயின்ட் கோணம்.

பட்டை ஸ்பிரிங் வண்டிகளில் மலிவான வழி ஆப்பு. ஸ்பிரிங்குக்கும் அச்சின் இருக்கைக்கும் நடுவே சில டிகிரி சாய்வுள்ள தகட்டைச் செருகி அச்சையே சுழற்றிவிடுவது. ஜிப்ஸியைப் போல ஸ்பிரிங் அச்சுக்குக் கீழே இருந்தால், பின் அச்சின் பினியன் மூக்கைத் தூக்க ஆப்பின் தடித்த பக்கம் முன்னோக்கி இருக்க வேண்டும். ஸ்பிரிங்கை அச்சின் மேலே மாற்றியிருந்தால் பின்னோக்கி. மாற்றிச் செருகினால் கோணம் இரட்டிப்பாகக் கெடும். பின் ஸ்பிரிங்கின் பின்முனையில் நீள ஷாக்கிள் போட்டு உயர்த்தியவர்களுக்கு ஆப்பு பெரும்பாலும் தேவைப்படாது, ஏனெனில் அந்த ஷாக்கிளே பினியன் மூக்கைச் சற்று மேலே தூக்கிவிடுகிறது. அலுமினிய ஆப்பு கடலோரத்துக்கு ஆகாது. உப்பு ஈரத்தில் எஃகோடு ஒட்டி நிற்கும் அலுமினியம் அரித்துப் பொடியாகும், யூ-போல்ட் தளரும்.

டிரான்ஸ்ஃபர் கேஸை இறக்குவது இன்னொரு வழி. ஜீப்பில் இது கியர்பாக்ஸோடு சேர்ந்தே இறங்கும். ஜிப்ஸியின் டிரான்ஸ்ஃபர் கேஸோ கியர்பாக்ஸிலிருந்து பிரிந்து, நடுவே ஒரு சிறு ஷாஃப்டோடு தனியே தொங்குகிறது. அதை இறக்கினால் முன்பின் ஷாஃப்டுகள் தேறும், நடு ஷாஃப்ட் கெடும். எப்படியானாலும் வரப்புக்காக வாங்கிய வயிற்று உயரத்தில் ஒரு பங்கு போய்விடும் என்பதால் இது அரைகுறைத் தீர்வுதான்.

கோணம் மிக அதிகமானால் மேல் முனையில் இரு கிராஸ்கள் கோர்த்த டபுள் கார்டன் ஜாயின்ட் பொருத்தப்படுகிறது. அப்போது விதி தலைகீழாகிறது. வேகக் குளறுபடியை அந்த இரட்டை ஜாயின்டே தீர்த்துவிடுவதால், பினியன் இணையாக நிற்காமல் ஷாஃப்டை நேரே நோக்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கையில் பினியன் மேலெழும்; அதற்காக ஓரிரு டிகிரி தாழ்த்தி வைப்பார்கள். இந்த ஜாயின்டை இணைக்கோண விதிப்படி அமைத்துவிட்டு அதிர்வைத் தேடி அலைவதும் உண்டு.

முன் அச்சில் கை வைக்க யோசிக்க வேண்டும். பினியனைத் தூக்கினால் கேஸ்டர் கோணம் குறையும். கிழக்குக் கடற்கரைச் சாலை வேகத்தில் ஸ்டீயரிங் நேராக நிற்காமல் அலையும். ஃப்ரீவீல் ஹப்பைத் திறந்துவிட்டால் சாதாரண ஓட்டத்தில் முன் ஷாஃப்ட் சுற்றாது. எனவே முன்பக்கம் சற்றுக் கூடுதல் கோணத்தைப் பொறுத்துக்கொண்டு கேஸ்டரைக் காப்பதே நல்லது. உயர்த்திய பின் ஸ்லிப் ஸ்ப்லைன் போதுமான அளவு உள்ளே கோர்த்திருக்கிறதா என்பதையும், அச்சு முழுக்கத் தொங்கும் நிலையில் பார்த்தாக வேண்டும்.

அதிர்வுக்கெல்லாம் ஷாஃப்டே காரணம் என்பதும் தவறு. அச்சு விகிதம் 4:1 என்றால் சக்கரம் ஒருமுறை சுற்ற ஷாஃப்ட் நான்குமுறை சுற்றும். கோணக் கோளாறு எட்டுமுறை உதறும். மெதுவாகத் தூக்கிப்போடும் ஆட்டம் டயருடையது, ரீங்காரம் போன்ற நடுக்கம் ஷாஃப்டுடையது.

மணலுக்குக் காற்றழுத்தத்தைக் குறைப்பதே உயரத்தைவிடப் பலன் தரும். வரப்புக்கு 50 மி.மீ. பெரும்பாலும் போதும், அந்த அளவில் சிறு ஆப்போடு வேலை முடியும். உப்பு நீர் கிராஸின் ஊசி பேரிங்குக்குள் புகுந்தால் கோணம் எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை. கிரீஸ் நிப்பிள் உள்ள கிராஸில், உப்பளப் பாதையில் போய்வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, நான்கு மூடிகளின் சீலிலும் பழைய கிரீஸ் பிதுங்கும்வரை அடிக்க வேண்டும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. பறவைகள் சரணாலயமான கழுவெளி 2024 முதல் ராம்சார் பட்டியலிலும் இருப்பதால், அதன் சேற்றில் ஜீப்பின் திறனைச் சோதித்துப் பார்ப்பது வனத்துறை வழக்கில் முடியலாம்.