இரண்டு கரண்டிச் சீனியும் எண்பது வருட உழைப்பும்



விடியற்காலை பெரட்டுக்குப் போகுமுன்னே ஒரு மங்கு வரக்கோப்பி, அதில் இரண்டு கரண்டிச் சீனி. அதைக் குடித்துவிட்டுத்தான் நம் முன்னோர்கள் கித்தாக் காட்டுக்குள் நுழைந்தார்கள். "வயித்துல ஒண்ணுமில்லாம மரம் வெட்ட முடியுமா?" என்று பாட்டிமார் கேட்பார்கள். முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் ஏன் முடியாது? அந்தச் சீனி உடம்புக்குள் போய் அப்படி என்னதான் செய்கிறது?

ஆறாம் படிவத்தில் உயிரியல் படிக்கும் நம் பிள்ளைகளைக் கேட்டால் 'கிளைகாலிசிஸ்' என்று ஒரு பெயர் சொல்வார்கள். சர்க்கரையை உடைத்துச் சக்தி எடுக்கும் வழி அது. பத்துப் படிகள், பத்து நொதிகள், வாயில் நுழையாத பெயர்கள்! "இதை எல்லாம் யாருதான் கண்டுபிடிச்சாங்களோ!" என்று புலம்பாத பிள்ளை கிடையாது. புலம்பலாக வந்தாலும் அது நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லவே இந்தக் கட்டுரை.

சாராயத் தொட்டியில் தொடங்கிய கதை

தென்னம்பாளையிலிருந்து காலையில் இறக்கும்போது தித்திக்கிற சாறு, பொழுது ஏற ஏற நுரைத்துக் கள்ளாகிவிடும். அந்தத் தித்திப்பு எங்கே போனது? நுரை எங்கிருந்து வந்தது? தோட்டத்துக் கள்ளுக்கடை பலருடைய சம்பளத்தைத் தின்றது நமக்குத் தெரியும். ஆனால் கள்ளுப்பானைக்குள் சீனியைத் தின்றது யார்?

1856-ஆம் ஆண்டு பிரான்சு தேசத்து லில் நகரில் இதே கேள்விதான் எழுந்தது. பீட் கிழங்குச் சாற்றைப் புளிக்க வைத்துச் சாராயம் எடுக்கும் பிகோ என்ற முதலாளிக்குத் தொழிலில் நஷ்டம். சில தொட்டிகளில் சாராயத்துக்குப் பதில் வெறும் புளிப்பு வந்தது. அவருடைய மகன் படித்த கல்லூரியில்தான் லூயி பாஸ்டர் பேராசிரியராக இருந்தார். முதலாளி அவரிடம் ஓடினார்.

பாஸ்டர் தொட்டிச் சாற்றை நுண்பெருக்கியில் வைத்துப் பார்த்தார். நல்ல தொட்டியில் உருண்டை உருண்டையாக ஈஸ்ட் உயிர்கள். கெட்ட தொட்டியில் அவற்றைவிட மிகச் சிறிய, நீண்ட வேறு உயிர்கள். தயிரைப் புளிக்க வைக்கும் லாக்டிக் அமிலத்தை உண்டாக்குவது இந்த இரண்டாம் வகைதான். 1857-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். புளித்தல் என்பது உயிருள்ளவை செய்யும் வேலை என்றார்.

ஜெர்மனியின் பெரிய ரசாயன அறிஞர் லீபிக் இதை ஒப்புக்கொள்ளவில்லை. "உயிராவது ஒன்றாவது, எல்லாம் வெறும் ரசாயன மாற்றம்" என்பது அவர் கட்சி. இருவரும் மல்லுக்கு நின்றார்கள். 1873-ல் லீபிக் காலமானார், 1895-ல் பாஸ்டரும் காலமானார். வழக்கு மட்டும் தீரவில்லை.

உயிரில்லாத சாறு நுரைத்தது

1897-ல் எடுவார்டு பூக்னர் என்ற ஜெர்மானியர் ஒரு செய்தியை வெளியிட்டார். மருந்துக்கு உதவுமா என்று பார்க்க, ஈஸ்டை மணலோடு சேர்த்து அரைத்து, பிழிந்து, சாறு எடுத்திருந்தார்கள். சாறு சீக்கிரம் கெட்டுப்போகிறதே என்று, பழத்தைச் சீனிப்பாகில் போட்டு வைப்பதுபோல, அதில் நிறையச் சீனியைக் கலந்தார்கள். சற்று நேரத்தில் சாறு குமிழி விட ஆரம்பித்தது! உயிருள்ள ஈஸ்ட் ஒன்றுகூட இல்லாத சாறு, சீனியைச் சாராயமாக்கிக் கொண்டிருந்தது.

ஆக, இருவர் சொன்னதிலும் பாதி உண்மை. வேலை ரசாயன வேலைதான். ஆனால் அந்த வேலைக்கான கருவியைச் செய்து வைப்பது உயிர். அந்தக் கருவிகளைத்தான் நாம் நொதிகள் என்கிறோம். 1907-ல் பூக்னருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பத்து வருடம் கழித்து, முதல் உலக யுத்தத்தில் ருமேனியப் போர்முனையில் குண்டுக் காயம் பட்டு உயிரிழந்தார்.

அடுத்த அடி லண்டனில் வைக்கப்பட்டது. ஆர்தர் ஹார்டன், வில்லியம் யங் என்ற இருவரும் பூக்னரின் சாற்றைச் சோதித்தார்கள். சாறு கொஞ்ச நேரம் நுரைத்துவிட்டு ஓய்ந்துபோகும். அதில் பாஸ்பேட்டைச் சேர்த்தால் மறுபடியும் வேகம் பிடிக்கும். பாஸ்பேட் நமக்குப் புதிதா என்ன? கித்தாவுக்கும் செம்பனைக்கும் மூட்டை மூட்டையாகப் போடும் உரத்தில் இருப்பதுதானே! அந்தப் பாஸ்பேட் சீனியோடு ஒட்டிக்கொள்வதை 1906 வாக்கில் கண்டார்கள். சீனி நேராக உடைவதில்லை, பாஸ்பேட்டைச் சுமந்துகொண்டுதான் உடைகிறது என்று தெரிந்தது. நொதி தனியாக வேலை செய்யாது, வெந்நீரிலும் அழியாத சின்னத் துணைப்பொருள் ஒன்று அதற்கு வேண்டும் என்பதையும் அவர்களே காட்டினார்கள்.

கள்ளுப்பானையும் நம்முடைய கையும்

இதுவரை ஈஸ்டின் கதை. மனிதனுக்கு இதில் என்ன சம்பந்தம்?

1907-ல் கேம்பிரிட்ஜில் பிளெச்சரும் ஹாப்கின்ஸும் தவளையின் தசையை ஆராய்ந்தார்கள். பிராணவாயு இல்லாமல் வேலை செய்த தசையில் லாக்டிக் அமிலம் சேர்ந்திருந்தது. கெட்டுப்போன சாராயத் தொட்டியில் பாஸ்டர் கண்ட அதே அமிலம்! பிறகு ஜெர்மனியின் ஓட்டோ மேயர்ஹோஃப், ஈஸ்டில் ஹார்டன் கண்ட துணைப்பொருள் தசையிலும் உண்டு என்று காட்டினார். பானையில் நுரைக்கும் ஈஸ்டும், மரம் வெட்டும் கையும் சர்க்கரையை ஏறக்குறைய ஒரே பாதையில்தான் உடைக்கின்றன. கடைசிப் படியில் மட்டும்தான் பிரிவு. ஈஸ்ட் சாராயமும் கரியமிலவாயுவும் ஆக்குகிறது, மூச்சு முட்ட உழைக்கும் தசை லாக்டிக் அமிலம் ஆக்குகிறது.

பாதையை எளிமையாகச் சொல்கிறேன். நாம் சாப்பிடும் சீனியும் சோறும் தோசையும் வயிற்றில் உடைந்து குளுக்கோஸாகி இரத்தத்தில் சேர்கின்றன. குளுக்கோஸ் பெரிய நோட்டு மாதிரி. அதை அப்படியே செலவு செய்ய முடியாது, சில்லறை மாற்ற வேண்டும். உடம்பின் சில்லறைக்கு ஏ.டி.பி என்று பெயர். தசை சுருங்க, மூளை நினைக்க, எல்லாவற்றுக்கும் அந்தச் சில்லறைதான் செல்லும்.

முதல் ஐந்து படிகளில் செல் தன் கையிலிருந்து இரண்டு ஏ.டி.பி போட்டு, ஆறு கரியணு உள்ள குளுக்கோஸை இரண்டு சரிபாதித் துண்டாக்குகிறது. அடுத்த ஐந்து படிகளில் நான்கு ஏ.டி.பி திரும்பி வருகிறது. இரண்டு வெள்ளி முதல் போட்டு நாலு வெள்ளி எடுத்த கணக்கு. லாபம் இரண்டு. மிஞ்சும் துண்டுக்குப் பைருவேட் என்று பெயர். பிராணவாயு தாராளமாக இருந்தால் அதை மேலும் எரித்து, ஒரு குளுக்கோஸுக்கு மொத்தம் முப்பது ஏ.டி.பி வரை செல் சம்பாதிக்கும். இந்த இரண்டாம் பகுதியின் சுழற்சியை 1937-ல் இங்கிலாந்தில் ஹான்ஸ் கிரெப்ஸ் கண்டுபிடித்தார். புகழ்பெற்ற ஒரு பத்திரிகை அவருடைய கடிதத்தை இடமில்லை என்று திருப்பி அனுப்பியது. 1953-ல் அதற்கே நோபல் பரிசு கிடைத்தது!

சென்னையில் படித்த சுப்பாராவ்

இந்தச் சில்லறையைக் கண்டெடுத்தவர்களில் ஒருவரை நம் பிள்ளைகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் பெயர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். 1895-ல் ஆந்திரத்துப் பீமாவரத்தில் தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பு அவருக்குச் சுலபமாக அமையவில்லை. மெட்ரிக்குலேஷன் பரீட்சையை மூன்றாம் தடவைதான் தாண்டினார், அதுவும் சென்னைக்கு வந்து படித்து. பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் அங்கி உடுத்தி அறுவை சிகிச்சை வகுப்புக்குப் போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. முழு மருத்துவப் பட்டத்துக்குப் பதிலாக ஒரு படி குறைந்த பட்டம்தான் கையில் கிடைத்தது.

மனிதர் சோர்ந்து உட்காரவில்லை. 1923-ல் கப்பலேறி அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குப் போனார். ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படித்தார். அங்கே சைரஸ் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து, இரத்தத்திலும் தசையிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று நீல நிறத்தை வைத்து அளக்கும் முறையை 1925-ல் வெளியிட்டார். 'ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை' என்று உலகம் முழுக்கச் சோதனைச்சாலைகளில் அதைக் கையாண்டார்கள். அதே முறையால் 1927-ல் தசையில் பாஸ்போகிரியேட்டின் என்ற சக்திச் சேமிப்பைக் கண்டார்கள். 1929-ல் ஏ.டி.பி-யையும் தசையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டு ஜெர்மனியில் மேயர்ஹோஃபின் உதவியாளர் கார்ல் லோமனும் தனியாக அதைக் கண்டுபிடித்தார்.

இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் சுப்பாராவுக்கு நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 1940-ல் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிப் பகுதிக்குப் போனார். அங்கே அவர் நடத்திய குழுதான் யானைக்கால் நோய்க்கான டைஎதில்கார்பமசின் மருந்தையும், இரத்தப் புற்றுநோய்க்கான மருந்துகளையும் தந்தது. 1948-ல், 53 வயதில் காலமானார். நோபல் பரிசு அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

சிதறிப்போனவர்கள் சேர்த்து முடித்த பாதை

பாதையின் நடுப்படிகளைப் பிராங்பர்ட் நகரின் குஸ்டாவ் எம்டன் கணித்துச் சொன்னார். 1933-ல் அவர் மறைந்தார். அதே ஆண்டு ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். மேயர்ஹோஃப் யூதர். தன் சோதனைச்சாலையை விட்டு 1938-ல் பாரிசுக்குத் தப்பினார். 1940-ல் ஜெர்மன் படை அங்கேயும் வந்துவிட, ஸ்பெயின் வழியாக அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். கிரெப்ஸும் 1933-ல் ஜெர்மனியில் வேலை பறிக்கப்பட்டு இங்கிலாந்து வந்தவர்தான். அன்று போலந்தில் இருந்த லுவோவ் நகரில் இதே பாதையை ஆராய்ந்த ஜேக்கப் பார்னஸ், 1949-ல் மாஸ்கோ சிறையில் உயிரிழந்தார்.

ஆனாலும் 1940 வாக்கில் பத்துப் படிகளும் தெளிவாகிவிட்டன. அதற்கு 'எம்டன்-மேயர்ஹோஃப்-பார்னஸ் பாதை' என்று பெயர். மூவரில் நோபல் பரிசு பெற்றவர் மேயர்ஹோஃப் ஒருவரே, அதுவும் முன்னால் செய்த தசை ஆராய்ச்சிக்காக.

பெண்பிள்ளைகளும் கேளுங்கள். பிராக் நகரில் பிறந்த கெர்ட்டி கோரி, கணவர் கார்ல் கோரியோடு அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்தார். வேலைசெய்த தசையின் லாக்டிக் அமிலம் வீணாவதில்லை, ஈரலுக்குப் போய் மறுபடியும் சர்க்கரையாகிறது என்று இருவரும் காட்டினார்கள். கணவர் பேராசிரியர், மனைவிக்கோ பல வருடம் சின்னப் பதவி, சின்னச் சம்பளம். 1947-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மருத்துவ நோபல் பெற்ற முதல் பெண் அவர்தான்.

பரிசு நாளில் ஒரு வார்த்தை

பெற்றோர்களே, மூளை ஒரு பிடி அளவு இருந்தாலும், நாம் சும்மா இருக்கும்போது உடம்பு செலவிடும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்கிறது. அதன் முக்கிய உணவு குளுக்கோஸ்தான். ஆகவே பிள்ளையைப் பசியாற வைத்துப் பள்ளிக்கு அனுப்புங்கள். அதற்காகச் சீனியை அள்ளிக் கொட்டவும் வேண்டாம். சோற்றிலும் தோசையிலும் கடலையிலும் வேண்டியது இருக்கிறது. இனிப்புநீர் வந்த உடம்பில் சர்க்கரை செல்லுக்குள் சரியாக நுழையாமல் இரத்தத்திலேயே தேங்கி நிற்கும். கையில் பெரிய நோட்டு இருந்தும் சில்லறை இல்லாத கதை அது.

மாணவமணிகளே, 1857-லிருந்து 1940 வரை எண்பத்து மூன்று வருடம். பல நாட்டார் தலைக்கு ஒரு படி, இரண்டு படி என்று வைத்துக் கட்டிய பாதை அது. அடுத்த தடவை அந்தப் பத்துப் படிகளை மனப்பாடம் செய்யும்போது, ஒவ்வொரு படியிலும் ஒரு மனிதர் நிற்கிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பாடம் கசக்காது.

இன்று மேடையேறிப் பரிசு வாங்கும் செல்வங்களை மனமாரப் பாராட்டுகிறேன். மேடைக்குக் கீழே உட்கார்ந்து கைதட்டும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. எம்டன் நோபல் பரிசு வாங்கவில்லை, பார்னஸ் வாங்கவில்லை, சுப்பாராவும் வாங்கவில்லை. பரீட்சையில் இரண்டு தடவை தவறியவர் சுப்பாராவ். ஆனாலும் இந்த நிமிடம் நீங்கள் தட்டுகிற கையில் ஓடுவது, அவர் கண்டெடுத்த அந்தச் சக்திதான்.

நல்லாப் படிங்க, பிள்ளைகளா. வணக்கம்.