அம்மாவின் குலத்தொழில்

ராஜாஜி அரசு 1953இல் சென்னை மாநிலக் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் கொண்டுவந்த புதிய கல்வித் திட்டத்தை நாம் குலக்கல்வித் திட்டம் என்றே அறிவோம். அது எதிர்த்தவர்கள் வைத்த பெயர், அதுவே நிலைத்தும்விட்டது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேர வகுப்பு. இருக்கிற கட்டடத்திலும் இருக்கிற வாத்தியாரை வைத்தும் இரண்டு முறையாகப் பள்ளி நடத்தினால் கூடுதல் பிள்ளைகள் படிக்கலாம் என்பது அரசின் கணக்கு. மிச்ச நேரத்தில் மகன் அப்பனின் தொழிலைப் பழக வேண்டும். சிரைப்பவர் மகன் சிரைக்க, வெளுப்பவர் மகன் வெளுக்க என்பதுதானே இதற்கு அர்த்தம் என்று பெரியார் ஊர் ஊராகக் கேட்டார். அந்த ஜூலையில் தி.மு.க. நடத்திய மும்முனைப் போராட்டத்தில் இது ஒரு முனை. 1954 ஏப்ரலில் காமராஜர் முதல்வரானார். மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது.

நான் கேட்டு வளர்ந்த மேடைப் பேச்சுகளில் இந்த வரலாறு எப்போதும் அப்பன், மகன் கதையாகவே வரும். திட்டத்தில் மகளும் இருந்தாள். அவள் அம்மாவிடம் சமையலும் வீட்டு வேலையும் கற்க வேண்டும். ஆணுக்குச் சாதிக்கொரு தொழில் என்றால் பெண்ணுக்கு எல்லாச் சாதியிலும் ஒரே தொழில். மகனுக்காக எழுந்த கோபம் நியாயமானது, வெற்றியும் கண்டது. மகளின் பாதி நாளோ, எந்த அரசாணையும் இல்லாமல் வீட்டுக்குள் தொடர்ந்தது.

1980களின் கடைசியில் இலஞ்சியில் நான் தொடக்கப் பள்ளியில் படித்தபோது எனக்கும் அந்தப் பாதி நாள் இருந்தது. மணி அடித்து வீட்டுக்கு வந்தால் சித்தியின் மடியில் பீடித் தட்டு, என் கையில் கத்தரி. ஈரத் துணியில் சுற்றி வைத்த இலையை அளவுத் தகட்டை வைத்து வெட்ட வேண்டும். நரம்பு தடித்த இடத்தை ஒதுக்கினால் இலை பத்தாது, ஒதுக்காவிட்டால் பீடி கழிவில் போகும். எந்த இலையில் எத்தனை தேறும் என்று பார்த்தவுடன் சொல்ல எட்டு வயதிலேயே எனக்குத் தெரியும். சாரல் விழும் மாதங்களில் பீடி காயாது. குற்றாலத்தில் சீசன் என்று ஊரே மகிழும்போது சித்தி மட்டும் மழையைத் திட்டுவாள்.

இது சட்டத்துக்கு விரோதமா? 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பீடித் தொழிலைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் குடும்பத்தார் உதவியோடு வீட்டிலேயே செய்யும் வேலைக்கு விலக்கும் அளித்தது. 2016இல் சட்டத்தைத் திருத்தியபோது, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளைகள் 'பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும்' உதவலாம் என்றார்கள். வாசித்தபோது எனக்கு 1953 நினைவுக்கு வந்தது. பள்ளி நேரத்துக்குப் பிறகு உள்ள நேரம் யாருடையது என்பது பெண்பிள்ளைக்கு எப்போதோ முடிவான விஷயம்.

படித்துவரும் பிள்ளைகளிடம் வேலைக்கான அடிப்படைத் திறன் இல்லை என்று இன்று எல்லோரும் சலித்துக்கொள்கிறார்கள். என் வகுப்புத் தோழிகளில் பாதிப்பேர் திறனோடுதான் பள்ளிக்கு வந்தார்கள். கட்டுக்கு இருபத்தைந்து, ஆயிரத்துக்கு நாற்பது கட்டு என்பது வாய்ப்பாடு படிப்பதற்கு முன்பே அவர்களுக்குத் தெரியும். பள்ளி அந்த அறிவைக் கணக்கில் எடுக்கவே இல்லை. எங்கள் கணக்குப் புத்தகத்தில் வியாபாரி ஒரு பொருளை நூறு ரூபாய்க்கு வாங்கி நூற்றிருபதுக்கு விற்பார். லாபம் எவ்வளவு? ஐந்து வருடமும் வியாபாரியின் லாபத்தைத்தான் கண்டுபிடித்தோம். கடையில் நிறுத்துக் கொடுத்த இலை ஆயிரத்துக்குப் பத்தாமல் காசு கொடுத்து வாங்கிய இலைக்கும், கழிவு என்று ஒதுக்கிய பீடிக்கும் கழித்தால் சித்திக்கு மிஞ்சிய கூலி எவ்வளவு என்று ஒரு கணக்குகூட இல்லை. பெண்களுக்கான தொழிற்கல்வி என்று எங்களுக்குக் கிடைத்தது தையல் வகுப்பு. கைக்குட்டையில் பூப் போட்டோம்.

1966ஆம் ஆண்டுப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் இருந்து சுற்றுகிறவரையும் தொழிலாளி என்றே வரையறுத்தது. இதை நான் அறிந்தது முனைவர் பட்ட ஆய்வு செய்த காலத்தில், அதுவும் வேறெதையோ தேடும்போது. ஒரு பத்தி அளவு செய்தி இது. எட்டாம் வகுப்புப் பாடத்தில் வைத்திருந்தால் தென்காசி வட்டாரத்தில் எத்தனை வீடுகளுக்குள் போயிருக்கும்!

சித்தி ஐந்தாம் வகுப்பு வரை போனவள். "ஏட்டி, நீ படிச்சவதான, இதுல என்ன போட்ருக்குன்னு பாரு" என்று ஒருநாள் பாஸ்புக்கை நீட்டினாள். நான் அப்போது எம்.ஏ. தமிழ் இரண்டாமாண்டு. சங்க இலக்கியத்துக்கு உரை சொல்வேன், அந்தப் பக்கத்தின் சுருக்கெழுத்துகள் எனக்கும் புரியவில்லை. இரண்டு பேருமாக உட்கார்ந்து, அவள் நினைவில் வைத்திருந்த கட்டுகளின் எண்ணிக்கையோடு வரிவரியாக ஒப்பிட்டோம். சில வாரங்கள் பதிவாகவே இல்லை.

பிறகு வைப்பு நிதிக்கு விண்ணப்பித்தபோது படிவத்தை நான் நிரப்பினேன். மூன்று இடங்களில் கையெழுத்துக் கேட்டிருந்தார்கள். பள்ளியில் பழகிய குண்டுக் குண்டு எழுத்தில், அவசரப்படாமல், மூன்று முறையும் ஒரே மாதிரி போட்டாள். என்ன எழுதியிருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. நானாக முதலிலிருந்து வாசித்துக் காட்டினேன்.