வேலையோடு பறிபோன கண்டுபிடிப்பு

1968. அமெரிக்காவில் ஐபிஎம் கம்பெனி லின் கான்வே என்ற இன்ஜினியரை வேலையை விட்டுத் தூக்குகிறது. வேலையில் குறையா? இல்லைங்க. ஆணாக வேலைக்குச் சேர்ந்தவர், பெண்ணாக மாறப்போறேன்னு சொன்னார். அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் ஒரே நேரத்தில் பல கட்டளைகளை, வரிசை மாற்றிக்கூடச் செய்யும் வழியை அங்கே கண்டுபிடித்தவரே அவர்தான். ஆனா வெளியே போய் ‘அது நான் செஞ்சது’ன்னு சொல்ல முடியாது. சொன்னா பழைய பெயர் தெரிஞ்சுடும், அடுத்த வேலையும் போயிடும். சாதாரண கான்ட்ராக்ட் புரோகிராமராக மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பித்தார். பிறகு ஜெராக்ஸ் ஆய்வகம். கார்வர் மீடோடு சேர்ந்து எழுதிய சிப் வடிவமைப்புப் பாடநூல் பல நாட்டுக் கல்லூரிகளுக்குப் போச்சு. அப்பவும் அந்தப் பழைய கதையைப் பத்தி வாய் திறக்கலை.

1990களின் கடைசியில் ஆராய்ச்சியாளர்கள் அந்த ஐபிஎம் ப்ராஜெக்டைத் தோண்ட ஆரம்பித்த பிறகுதான் பேசினார். கம்பெனி மன்னிப்புக் கேட்டது 2020-ல். அவருக்கு அப்போ 82 வயசு.