கப்பலேறிய அபிமானிகள்

ஒரு கதையில் மனத்தைப் பறிகொடுத்தவனுக்கும் அதைப் படைத்தவர்களுக்கும் நடுவே எத்தனை மனிதர்கள் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பது அபிமானிகளுக்கு என்றுமே ஒரு விநோதம். அவரைத் தெரிந்தவரை எனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொள்வதில் உள்ள பெருமிதம் கொஞ்சமன்று. 'ஸ்டார் டிரெக்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் சரித்திரத்தைப் புரட்டினால், இந்தத் தொகை ஆரம்ப முதலே மிகச் சிறியதாக இருந்து வந்திருப்பது புலப்படும். இதற்கு இரசிகர்களின் ஆர்வம் ஒரு பாதிக் காரணமென்றால், கதவை உள்ளிருந்தே திறந்து வைத்தவரின் சாதுரியம் மறு பாதி.

1966 செப்டம்பர் 8ஆம் தேதி தொடர் ஒளிபரப்பாவதற்குச் சில நாட்கள் முன்னரே, அதன் கர்த்தாவான ஜீன் ராடன்பெரி, கிளீவ்லாந்து நகரில் கூடியிருந்த உலக விஞ்ஞானக் கதை மாநாட்டுக்குப் படச்சுருளோடு போய், அங்கிருந்த வாசகர்களுக்குத் தம் சிருஷ்டியைப் போட்டுக் காட்டினார். அந்த முதலீடு வீண்போகவில்லை. இரண்டாம் ஆண்டில் தொடர் நிறுத்தப்படும் என்ற பேச்சு எழுந்தபோது, பிஜோ டிரிம்பிள் என்ற பெண்மணியும் அவர் கணவரும் தொடங்கிவைத்த கடித இயக்கத்தால், தொடரை ஒளிபரப்பிய என்.பி.சி. நிறுவனத்தின் வாயிலில் தபால் மூட்டைகள் குவிந்தன. மாணவர்கள் தீவட்டி ஏந்தி ஊர்வலம் போனார்கள். 1968 மார்ச் 1ஆம் தேதி, தொடர் நீடிக்கும் என்று நிறுவனமே ஒளிபரப்பில் அறிவிக்க நேர்ந்தது. நீடித்தது என்னவோ உண்மைதான். ஆனால் வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்கு, இளைஞர் எவரும் வீட்டில் தங்காத வேளையில் அதை வைத்து, 79 அத்தியாயங்களோடு 1969இல் முடித்துவிட்டார்கள். வியாபாரிகள் தோற்றுக்கொடுப்பதும் இப்படித்தான் போலும்.

இதற்கிடையில், 23 வயது இளைஞரான டேவிட் ஜெரால்ட் என்ற அபிமானி எழுதியனுப்பிய கதை, உரோமப் பந்து போன்ற சிற்றுயிர்கள் பெருகித் தொடரின் விண்கப்பலையே நிறைக்கும் அந்த ஹாஸ்யக் கதை, 1967 டிசம்பரில் ஒளிபரப்பாகி, தொடரின் மிகப் பிரசித்தமான அத்தியாயங்களுள் ஒன்றாகிவிட்டது. 1972 ஜனவரியில் நியூயார்க்கில் கூடிய முதல் பெரிய இரசிகர் மாநாட்டுக்குச் சில நூறு பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்திருக்க, ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். 1979இல் வெளிவந்த முதல் திரைப்படத்தை எடுத்தபோது, கப்பலின் மாலுமிகள் அனைவரும் கூடும் காட்சியில் சீருடையணிந்து நின்ற கூட்டத்தில் இரசிகர்கள் பலர் இருந்தனர். பிஜோ டிரிம்பிளும் அவர்களுள் ஒருவர். அவருக்கும் கப்பலுக்கும் இடையே அன்று ஒருவருமில்லை.

இவை யாவும் திரைக்குள் புகுந்த கதைகள். திரையிலிருந்து ஆகாயத்துக்குச் சென்ற வழியே எனக்கு இவற்றினும் மேலாகப் படுகிறது. தொடரில் உஹூரா என்ற பாத்திரமாக நடித்த கறுப்பினப் பெண்மணி நிஷெல் நிகோல்ஸ் முதல் ஆண்டு முடிவிலேயே விலக எண்ணியிருந்தார் என்றும், அவரைத் தடுத்து நிறுத்தியவர் மார்ட்டின் லூதர் கிங் என்றும் அவரே சொல்லியிருக்கிறார். தங்கிய அந்த அம்மையார், 1977இல் நாஸாவுக்காக ஊர் ஊராகச் சென்று பெண்களையும் கறுப்பினத்தவரையும் விண்வெளிப் பணிக்கு அழைத்தார். அடுத்த ஆண்டு அறிவிக்கப்பட்ட குழுவில் அவ்விரு சாராரும் முதன்முறையாக இடம்பெற்றனர். சிகாகோவில் சிறுமியாக உஹூராவைப் பார்த்து வளர்ந்த மே ஜெமிசன், 1992 செப்டம்பரில் விண்ணோடத்தில் பறந்த முதல் கறுப்பினப் பெண்ணானார். தம் பணிநேரத்தை உஹூராவின் வழக்கமான வாசகத்தைச் சொல்லியே தொடங்கினார். மறு ஆண்டு தொடரின் புதிய வரிசையில் சிறு வேடமேற்று நடித்தபோது, நிகோல்ஸ் நேரில் வந்து அவரைக் கண்டார்.

இரசிகர்களின் கடிதங்களால், தொடரின் கப்பலைப் போலவே 'எண்டர்பிரைஸ்' என்று நாமகரணம் பெற்று 1976 செப்டம்பரில் வெளியே உருட்டிவரப்பட்ட விண்ணோடத்துக்கோ விண்ணில் பறக்கும் பாக்கியம் கிட்டவில்லை. அது வளிமண்டலத்தில் இறங்கும் சோதனைகளோடு நின்று, விண்வெளியைக் காணாமலே அருங்காட்சியகம் சேர்ந்தது.

அபிமானிகள் தொடருக்குள் நுழையும் வாசலோ பிற்காலத்தில் இன்னும் அகலமாயிற்று. புதிய வரிசையின் படப்பிடிப்புத் தளத்தைச் சுற்றிப் பார்க்க வந்த ரொனால்ட் மூர் என்ற இரசிகர் கையோடு கொண்டுவந்த கதை 1989இல் ஒளிபரப்பாகி, அவரைத் தொடரின் எழுத்தாளர்களுள் ஒருவராக்கியது. 1996இல், பின்னாளில் அரசரான ஜோர்டான் இளவரசர் அப்துல்லாவும் வேடமணிந்து ஓர் அத்தியாயத்தில் தலைகாட்டினார். நடிகர் சங்கத்தில் அங்கத்தினரல்லாத காரணத்தால் அவருக்கு வசனம் எதுவும் கொடுக்கவில்லை.