பச்சைப் பட்டையின் கதை

நம்ம வீடுகளில் ஒருவராவது 'டெஸ்டிங்'கில் இருப்பார். பூனாவில் எங்கள் குடியிருப்பில் மூன்று தமிழ்க் குடும்பங்கள், அதில் நாலு பேர் டெஸ்டிங். ஊரிலிருந்து வரும் மாமனார், "மாப்பிள்ளை அப்படி என்னதான் பார்க்கிறார் அந்தத் திரையில்?" என்று கேட்டால் திணறுகிறோம். அந்தத் திரைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. வணிகவியல் படித்தவன் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

கென்ட் பெக் என்ற அமெரிக்கர் 1994-ல் ஸ்மால்டாக் மொழிக்கான சின்னதொரு சோதனை முறையை எழுதி வெளியிட்டார். 1997-ல் அவரும் சுவிட்சர்லாந்துக்காரர் எரிக் காமாவும் சூரிச்சிலிருந்து அட்லாண்டாவுக்கு ஒரு மாநாட்டுக்குப் பறந்தபோது, விமானத்திலேயே உட்கார்ந்து அதை ஜாவாவில் எழுதிவிட்டார்கள். அதுதான் ஜேயூனிட். (நாமெல்லாம் விமானத்தில் சாப்பாடு எப்போது வரும் என்று பார்ப்போம்!)

இதன் அடிப்படை ரொம்ப எளிது. தனிச் சோதனைக்கும் சோதனைக் கட்டுக்கும் ஒரே கட்டளைதான்: 'ஓடு'. கட்டுக்குள் கட்டு வைக்கலாம். கிளை, வட்டார அலுவலகம், தலைமை அலுவலகம் என்று நம் கணக்கு மேலேறுகிற மாதிரி ஒரு மரம் தானாகவே அமைந்துவிடுகிறது.

திரையில் ஒரு பட்டை. எல்லாம் சரியென்றால் பச்சை, ஒன்று தவறினாலும் சிவப்பு. அதற்குக் கீழே இரண்டு பக்கங்கள். ஒன்றில் தவறியவை மட்டும், இன்னொன்றில் முழு மரம். எங்கள் பாஷையில் சொன்னால் ஒன்று எக்செப்ஷன் ரிப்போர்ட், மற்றது ஜெனரல் லெட்ஜர்.

இங்கேதான் விஷயம். இரண்டு புத்தகம் வைத்தால் இரண்டும் ஒத்துப்போக வேண்டுமே? ஜேயூனிட்டில் இரண்டு பக்கங்களுக்கும் ஒரே ஒப்பந்தம் வைத்தார்கள். ஓட்டம் தொடங்கியது, முடிந்தது, எந்தச் சோதனை தேர்வாகியிருக்கிறது, தவறியதைக் காட்டு - இவற்றுக்கு இருவரும் ஒரே மாதிரி பதில் சொல்லியாக வேண்டும். ஒரு சோதனை தவறினால் இரண்டு பக்கத்துக்கும் தகவல் போகும். எந்தப் பக்கத்தில் அதைத் தொட்டாலும் கீழே அதே விவரம்தான் வரும்.

இதன் அருமை எனக்குத் தெரியும். நான் சேர்ந்த புதிதில் எங்கள் வங்கி கோர் பேங்கிங்குக்கு மாறியது. சோதனைப் பட்டியல் ஒரு எக்செல், பிழைப் பட்டியல் வேறொரு எக்செல், இரண்டிலும் வேறு வேறு எண்கள். வட்டிக் கணக்குப் பிழை ஒன்று 'சரிசெய்தாயிற்று' என்று ஒரு பட்டியலில் இருந்தது, மற்றதில் திறந்தே கிடந்தது. எதை நம்புவது? வைப்புதாரர் பணம் சார், விளையாட்டா?

2001-ல் ஐபிஎம் எக்லிப்ஸை இலவசமாகத் திறந்துவிட்டது. அதன் ஜாவா பகுதிக்குத் தலைமை தாங்கியவர் அதே காமா. பச்சைப் பட்டையும் மரமும் எடிட்டருக்குள்ளேயே குடியேறின. 2006-ல் வந்த ஜேயூனிட் 4 தன் சொந்தத் திரையையே கைவிட்டது. அந்த வேலையை எக்லிப்ஸ் போன்றவை பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

காமா 2011-ல் மைக்ரோசாஃப்டுக்குப் போனார். அவர் குழு 2015-ல் விஎஸ் கோடைக் கொண்டுவந்தது. வேடிக்கை என்னவென்றால் அங்கே பழைய சிக்கல் திரும்பி வந்தது. சோதனைகளைக் காட்ட நீட்சிகள் தனித்தனியாக மரம் வரைந்தன. எல்லா மொழிக்கும் பொதுவான சோதனைத் திரை வர 2021 ஆகிவிட்டது.